ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் கன்னிமார்

என் அன்பான, பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நாவலூரில் நம்முடைய கட்டடம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. நம்முடையது என்று சொல்ல நமக்கு அதில் ஒரு செங்கல் கூடக் கிடையாது. நீதான் அப்படிச் சொல்லிச் சொல்லி எங்களையும் பழக்கிவிட்டாய். நம்மைப் போல அதற்கு நிலத்தை விற்றவர்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தபோது, நீ மட்டும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு தளம் போடுவதையும் கல்யாணக் களையோடு வேடிக்கை பார்த்தாய். அதே கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஊருக்கே லட்டு கொடுத்தாய்.

இப்போது சொல்ல வந்தது சந்தோஷ சமாச்சாரம் இல்லை. கட்டடம் மறுபடி கைமாறிவிட்டது. கம்பெனிகள் காலி செய்துகொண்டு போனதில் மேல் மாடிகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. புதிதாக வாங்கியவர்கள் கார் நிறுத்தும் இடத்தைப் பெரிதாக்கப் போகிறார்களாம். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் ஏழு கல்லாக இருக்கும் நம் கன்னிமாரை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

அவர்களுடைய மேனேஜர் மரியாதையாகத்தான் கேட்டார். "கல்லுங்க இங்கயே இருக்கும்னு எழுதிக் குடுத்திருக்காங்களா மேடம்? பேப்பர் இருந்தா காட்டுங்க."

எதைக் காட்டுவேன்? நம்மிடம் முதலில் நிலம் வாங்கியவர் அந்த மரத்தடியில், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்துச் சத்தியம் செய்தார். கல்லை அசைக்க மாட்டேன், ஆடிக்கு ஆடி நீங்கள் வந்து பொங்கல் வைக்கலாம் என்றார். "அதையும் பத்திரத்துல எழுதிக்கயேன்" என்றாள் அம்மா. நீ அவள் மேல் எரிந்து விழுந்தாய். "சாமி முன்னால கற்பூரம் அடிச்சிட்டான். அதுக்கு மேல இன்னாத்துக்குக் காயிதம்? சாமியையே நம்பலன்னு ஆயிடாதா?"

அவர் வாக்குத் தவறவில்லை. வருஷா வருஷம் வாட்ச்மேன் நமக்குப் பார்வையாளர் அட்டை கொடுத்து உள்ளே விட்டார். கழுத்தில் அட்டையும் தலையில் பானையுமாக அம்மா நடந்து வருவதைப் பார்த்து என் ஆபீஸ்காரர்கள் சிரிப்பார்கள். பிறகு அவர்களே பொங்கலுக்கு வரிசையில் நிற்பார்கள். ஆனால் அவர் விற்றுவிட்டார், வாங்கியவரும் விற்றுவிட்டார். அவர் அடித்த கற்பூரம் இவர்களை எப்படியப்பா கட்டும்?

உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரே ஒரு வரி எழுதி வாங்கியிருக்கக் கூடாதா?

வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அவங்க ஒக்காந்த எடம் அது. தூக்கினு போயி நாம இப்ப இருக்கற பெருங்களத்தூர் வூட்டு லிஃப்ட்ல ஏத்தப் போறியா?" என்றாள். அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நேற்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்களும் இதே பில்டிங்ல வேலை பாக்கறவங்க. உங்க கம்பெனி வரைக்கும் நாங்க போற மாதிரி வெச்சுக்காதீங்க." இந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று உனக்குத் தெரியும்.

நீ போன பிறகு வருகிற முதல் ஆடி இது. வெள்ளிக்கிழமை கடைசி வெள்ளி. இந்த வருஷம் நமக்கு அட்டை கிடையாது என்று வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அம்மாவை விடமாட்டார்கள். வேலைக்குப் போகிற என்னை விட்டுத்தானே ஆக வேண்டும்? பானையை ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு போவேன். மாடிக்குப் போகாமல் ஷெட்டுப் பக்கம் திரும்பிவிடுவேன்.

திங்கட்கிழமை அங்கே கல் இருக்குமா, எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. பயமாக இருக்கிறது, அப்பா. ஆனால் இந்த வெள்ளிக்கிழமை கன்னிமார் பட்டினி கிடக்க மாட்டார்கள். அது என் வாக்கு.

உன் மூத்த மகள்