மட்டையில் நிற்காத பந்து

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்றும் விழுந்தது. ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் விழுந்தது.

எங்கள் ஐரிஷ் மட்டையாட்டமான ஹர்லிங்கில், மட்டையின் தட்டையான முனையில் பந்தை நிறுத்தி, அது விழாமல் ஓட வேண்டும். சோலோ என்று பெயர். கையில் வைத்துக்கொண்டே ஓட விதி விடாது, நாலு எட்டுக்கு மேல் போனால் விசில். அதனால் இதைக் கற்றுக்கொள்ளாத பிள்ளை பந்து கிடைத்தும் கிடைக்காத பிள்ளைதான். சொல்லும்போது ஒன்றுமில்லை. செய்யும்போது பத்து வயதுப் பிள்ளைகள் ஏதோ தரையில் தொலைத்ததைத் தேடுகிறவர்கள் மாதிரி ஓடுகிறார்கள். குனிந்த தலை நிமிர்வதே இல்லை. எமெட் டூலி அப்படியே நேராகப் போய் கோல் கம்பத்தில் முட்டினான். ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தான். கம்பத்திடம் "சாரி" வேறு சொன்னான்.

"தலையைத் தூக்கு! தலையைத் தூக்குடா!" — ஒரு மணி நேரம் கத்தினேன். காலையில் சேற்றில் நின்ற டிராக்டரின் பின் டயரைத் தனியாகக் கழற்றினேன். அது சுலபமாக இருந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

கிளப் தலைவர் மாலக்கி என் டயர் கடைக்கு வந்தான். கார் டயரில் காற்றுப் பார்க்க வந்தாராம். காற்று சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் நெளிந்தான்.

"டிம்ப்னா, தப்பா எடுத்துக்காத. ஃபின்டன் டப்ளின்லேர்ந்து திரும்பி வந்துட்டான். கவுண்டி டீமுக்கே ஆடினவன். சின்னப் பசங்கள நான் பாத்துக்கறேங்கறான்."

"நான் மட்டும் என்ன, டயருக்கு ஆடினவளா?"

"அப்படிச் சொல்லல. மே பதினொண்ணு கடைசி ஆட்டம் வரைக்கும் நீயே பாரு. அப்புறம் பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்றால் முடிவு செய்தாகிவிட்டது என்று அர்த்தம். வியாபாரத்தில் முப்பது வருடம் கேட்ட வார்த்தை.

ஃபின்டன் நல்ல ஆட்டக்காரன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் முறை எனக்குத் தெரியும். பந்து தரையில் வந்தால் தூக்காதே, யோசிக்காதே, வந்த வேகத்தில் ஓங்கி அடி. அதற்குத் தோள் அகலமான பிள்ளைகள் வேண்டும். என்னிடம் இருப்பதில் பாதிப் பேர் மட்டையை விடக் கொஞ்சம்தான் உயரம். அவன் வந்தால் அணியிலேயே சின்னவள் நெஸ்ஸாவும் அவள் அளவில் இருப்பவர்களும் தண்ணீர் பாட்டில் காவல். அடுத்த வருடம் டவுனில் கால்பந்து ஆடப் போய்விடும். போனதுகள் திரும்பி வராது.

சின்ன ஆளுக்கு ஒரே வழி, பந்தைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆளைச் சுற்றிப் போவது. எனக்குத் தெரியாதா? ஒரு பழைய வேனில் டயர் விற்க ஆரம்பித்தவள் பெரிய கடைக்காரர்களை எப்படித் தாண்டி வந்தேன்?

ஏப்ரல் 6, சனி

டூனிஷ் ஊர்ப் பிள்ளைகள் எங்களோடு ஆட வந்திருந்தார்கள். இந்த வயதுக்கு ஸ்கோர் எழுதக் கூடாது என்பது சட்டம். யாரும் எழுதவில்லை. நம் மைதானத்து வேலியோரம் நின்ற ஒவ்வொருத்தருக்கும் கணக்குத் தெரியும், மாட்டு வியாபாரிகள் விலையை வெளியே சொல்லாத மாதிரி. வாங்கிய அடிக்குக் கணக்கு தேவையும் இல்லை.

பிள்ளைகள் பந்தை எடுத்து மட்டையில் வைப்பார்கள். உடனே வேலியிலிருந்து "அடிடா! இழுத்து அடி!" எமெட்டின் அப்பன் டூலி கத்தினால் பக்கத்து ஊர் மாடு திரும்பிப் பார்க்கும். பிள்ளை பதறி அடிக்கும், அல்லது கீழே போடும். செவ்வாய்க்கிழமை நான் சொல்லிக்கொடுப்பதைச் சனிக்கிழமை இவர்கள் அழிக்கிறார்கள்.

"டூலி, ஓடத்தான் பழக்கறேன்" என்றேன்.

"ஓட்டத்துக்கு நாய் வளத்துக்கலாமே டயர்க்காரி! இது ஹர்லிங்!"

பதில் வாய் வரை வந்தது. பிள்ளைகள் நின்றதால் விழுங்கினேன். அவன் எனக்கு நல்ல வாடிக்கையாளர் என்பதும் உண்மை.

ஏப்ரல் 9, செவ்வாய்

வேறு வழியில் ஆரம்பித்தேன். மட்டையை நுனியில் பிடிக்காதே, கையை மேலே ஏற்றிச் சுருக்கிப் பிடி. முதலில் நட. முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். பந்து குதித்தால் நீ பயப்படாதே, அது உன் மட்டைக்கே திரும்பி வரும்.

நடப்பது வந்துவிட்டது. ஓட்டம் இல்லை. நெஸ்ஸா ஒரு முறை, ஒரே ஒரு முறை, மைதானத்தின் பாதி தூரம் நிமிர்ந்த தலையோடு போனாள். நான் சரியாகப் பார்க்கவும் இல்லை, யாருக்கோ ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவை ஓடு, நான் பாக்கறேன். தலையைத் தூக்கு!" என்றேன். மூன்றாம் அடியில் விழுந்தது. திரும்ப. விழுந்தது. எனக்கு ஆத்திரம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர். இது என்ன பயிற்சி? சீ.

ஏப்ரல் 13, சனி

மழை. சாதாரண மழை இல்லை, பக்கவாட்டில் அடிக்கிற மழை. ஜலதோஷத்தில் என் தொண்டை அடியோடு அடைத்துவிட்டது, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஆட்டத்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று நினைத்தேன். நம் ஊரில் எப்போது தள்ளிப்போட்டார்கள்?

பெற்றோர் ஒருத்தர்கூடக் காரை விட்டு இறங்கவில்லை. கார்களை மைதானத்தைப் பார்த்து வரிசையாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வைப்பரைப் போட்டுக்கொண்டு உள்ளே தேநீர். கோல் விழுந்தால் ஒரு ஹாரன். அவ்வளவுதான்.

பிள்ளைகள் ஓடினார்கள்! ஊறிக் கனத்த பந்தை மட்டையில் வைத்துக்கொண்டு, சேற்றில், தலையைத் தூக்கிக்கொண்டு. நெஸ்ஸா இரண்டு முறை. எமெட்கூட ஒரு முறை, கம்பத்தைத் தவிர்த்து. நான் நனைந்த கோழி மாதிரி ஓரத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

அப்பன்மார்கள். சந்தேகமே இல்லை. கண்ணாடியை ஏற்றினால் பிள்ளை ஓடுகிறது, இறக்கினால் விழுகிறது.

ஏப்ரல் 27, சனி

வெயில். பளிச்சென்ற, பாழாய்ப்போன வெயில். அத்தனை பேரும் காரை விட்டு இறங்கிவிட்டார்கள். தாத்தாமார்களையும் கூட்டி வந்திருந்தார்கள்.

ஒரு பந்து நிற்கவில்லை. ஒன்றுகூட. மறுபடி முதலிலிருந்து. ஃபின்டனும் வந்து வேலியில் சாய்ந்து நின்றான். அது வேறு எரிச்சல். என் தொண்டை சரியாகிவிட்டது. இரண்டு வாரம் சேர்த்துவைத்ததையும் சேர்த்துக் கத்தினேன். பயன்?

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். விட்டுவிடலாமா? என்னை யார் கேட்டார்கள் இதையெல்லாம்?

மே 1, புதன்

விடுவதாக இல்லை. மொத்த வியாபாரக் கடைக்குப் போய் டாஃபி வாங்கினேன். பெரிய கட்டி டாஃபி, பல்லில் ஒட்டினால் ஒரு மணி நேரம் தாடை அசையாத ரகம். கடைக்காரன் "கல்யாணமா?" என்றான். "கருமாதி" என்றேன்.

டூலி பஞ்சர் ஒட்ட வந்தான். பேரம் பேசினேன்.

"சனிக்கிழமை நீ வாயைத் தொறக்காம நின்னா, புல் அறுப்பு முடியற வரைக்கும் உன் டிராக்டர் எந்த வயல்ல பஞ்சர் ஆனாலும் நானே வந்து ஒட்டித் தரேன்."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"சர்ச்ல பூசை முடிஞ்சதும்."

யோசித்தான். "ஒரே ஒரு தடவை கத்தினா?"

"ஒரு தடவை கத்தினா டயரைத் தலையில வெச்சுக்கிட்டு நீ என் கடைக்கு நடந்து வரணும்."

கை குலுக்கினான். டூலி மசிந்தால் மற்றவர்கள் தானாக மசிவார்கள். சந்தை எனக்குத் தெரியும்.

மே 4, சனி

வாசலில் நின்று ஆளுக்கு ஒரு டாஃபி கொடுத்தேன். வாங்கினார்கள், இலவசம் என்றால் இங்கே யார் விடுவார்கள்? முதல் பாதி முழுக்க வேலியோரம் மாட்டுத் தொழுவம் மாதிரி மெல்லும் சத்தம் மட்டும். டூலி முகம் சிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஆனால் வார்த்தை தவறவில்லை.

பந்து விழுந்தது.

எல்லாருக்கும் விழுந்தது. அன்றைக்குப் போலவே. வேலி முழுக்க ஊமை, ஆனாலும் விழுந்தது! என்னதான் வேண்டும் இந்தப் பந்துக்கு?

இடைவேளையில் நெஸ்ஸாவைப் பிடித்துக்கொண்டேன். குரல் உயர்ந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

"மழையில ஓடினியே! இப்ப உனக்கு என்ன ஆச்சு?"

ஹெல்மெட் கம்பிக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். "நீங்க 'நெஸ்ஸா, தலையைத் தூக்கு'ன்னு கத்தறீங்கல்ல. அப்ப தலையைத் தூக்கி உங்களப் பாக்கறேன். அதுக்குள்ள விழுந்துருது."

"என்னை எதுக்குடி பாக்கற? முன்னாடி யாரு வரான்னு பாருன்னுதானே சொல்றேன்!"

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா பாக்காம எப்படி? பெரியவங்க கூப்பிட்டா திரும்பிப் பாக்கலேன்னா அம்மா திட்டுவாங்க."

பக்கத்திலிருந்து எமெட், ஆரஞ்சுத் துண்டை மென்றுகொண்டே: "எங்கப்பா கத்தறது எங்களுக்குக் கேக்கவே கேக்காது டிம்ப்னாக்கா. வீட்லயும் அப்படித்தான் கத்துவாரு. உங்களதுதான் கேக்கும்."

மே 5, ஞாயிறு

டூலியின் டிராக்டருக்குப் பஞ்சர். பூசை முடிந்ததும் போய் ஒட்டினேன். ஒன்றுக்கும் உதவாத பேரம். என் வாழ்க்கையிலேயே மோசமான பேரம். டூலி சிரித்துக்கொண்டே ஜாக்கியைப் பிடித்தான்.

மே 7, செவ்வாய்

சத்தம் போடாமல் ஒரு மணி நேரம் நிற்பது டயர் மாற்றுவதை விடக் கஷ்டம். "தலை—" என்று இரண்டு முறை வந்துவிட்டது, இருமுவது மாதிரி மாற்றினேன். சும்மா நிற்க முடியாமல் களத்தில் இறங்கி, ஓடி வருகிற பிள்ளைக்கு எதிரே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், ஒரு வார்த்தை பேசாமல். என்னை இடிக்காமல் போக வேண்டுமென்றால் அவர்களே நிமிர்ந்தாக வேண்டும்.

எமெட் இடித்தான். முழங்கால் வீங்கியிருக்கிறது. மற்றவர்கள் சுற்றிப் போனார்கள்.

ஒரு நல்ல செவ்வாய் வைத்து என்ன செய்வது? சனிக்கிழமைதான் கடைசி. இது முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாதா? முட்டாள்.

மே 11, சனி

கடைசி ஆட்டம், நம் மைதானம், மறுபடி டூனிஷ்.

மீதமிருந்த டாஃபியை வேலியோரம் கொடுத்தேன். ஃபின்டனும் ஒன்று எடுத்துக்கொண்டான். கடைசி இரண்டை என் வாயில் போட்டுக்கொண்டேன், பக்கத்துக்கு ஒன்று.

முதல் பாதியில் நான்கைந்து பந்து விழுந்தது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டூலி பக்கத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான், கஷ்டம் தெரிந்தவன்.

பிறகு நெஸ்ஸாவிடம் பந்து வந்தது. மட்டையில் வைத்தாள். ஓடினாள். எதிரே ஒரு பெரிய பையன், இவளைப் போல இரண்டு மடங்கு. அவனைப் பார்த்தாள், என்னை இல்லை. சுற்றினாள். பந்து ஒரு முறை எகிறி விழுந்தது, அதைக் குனிந்து மட்டையாலேயே அள்ளி எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டு, மறுபடி ஓடி, கடைசியில் எமெட்டிடம் பந்தைக் கையால் தட்டிவிட்டாள். எமெட் அடித்தான். கோல் கம்பத்தில் டங்கென்று மோதி மேல்கம்பிக்கு மேலே போயிற்று. பாயின்ட். இந்த முறை கம்பத்திடம் அவன் எதுவும் சொல்லவில்லை.

வேலியில் ஒருத்தராலும் கத்த முடியவில்லை. கம்பியைப் போட்டு உலுக்கினார்கள்.

தோற்றோம். யாரும் எழுதவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு ஓடியது நெஸ்ஸா மட்டும் இல்லை.

பிள்ளைகள் போன பிறகு மாலக்கி பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். ஃபின்டன் பின்னால் தள்ளி நின்று நெஸ்ஸாவின் அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஃபின்டன் ஒரு வார்த்தை சொன்னான். இவங்கள இப்ப டிம்ப்னாகிட்டேர்ந்து வாங்கறதுக்கு எனக்கு மனசில்ல, பதினாலு வயசுப் பசங்கள வேணா குடுங்கன்னான். ஆனா முடிவு உன்னது. வெச்சுக்கறியா, விட்டுடறியா?"

இந்தக் கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நீளமான பதில். அவனுக்கும் கமிட்டிக்கும் சேர்த்து. வாயைத் திறக்கப் பார்த்தேன். டாஃபி ஒட்டிய மேல் பல்லும் கீழ்ப் பல்லும் விடவில்லை.

"என்ன டிம்ப்னா? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

பந்துப் பையை அவன் கையிலிருந்து பிடுங்கி என் வேனில் போட்டுக் கதவைச் சாத்தினேன்.