நிறைந்த கிண்ணம்

செப்டம்பர் 4
மழை. வந்த ஆட்டிறைச்சிக்கு உப்புத் தடவினேன், இடது கையால். புற்று என்று வலப்பக்கம் மார்பை எடுத்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் வழித்துவிட்டார்கள். அப்போதே உள்ளே ஒரு சிலிக்கான் பையை வைத்துத் தைத்தார்கள். அதைக் கேட்டது நானில்லை. "ஊருக்குத் தெரிய வேணாம், வெச்சுத் தைச்சிருங்க" என்று டாக்டரிடம் சொன்னது மாமியார். என் கணவர் பெயர் போலத்; அவர் தலையாட்டினார். நான் அங்கேயேதான் படுத்திருந்தேன்.

செப்டம்பர் 11
தையல் ஓரம் சிவந்துவிட்டது. தொட்டால் சுடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று மாமியாரிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை தொட்டில் விருந்து. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. மூத்த மருமக இல்லாம சமோவார் முன்னாடி யாருடி உக்கார்றது?"

கொழுந்தன் மனைவி பிள்ளை பெற்று எழுந்தவள், அவளால் முடியாது. நானும் எதிர்த்துப் பேசவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, குழாய் வைத்த அந்த வெந்நீர்ப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தேநீர் ஊற்றும் இடம் என்னுடையது. யாருக்குப் பால் தூக்கல், யாருக்குத் தேநீர் கடுப்பாக வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டேன். முட்டாள்.

செப்டம்பர் 14
போயிற்று. எல்லாம் போயிற்று.

வீடு நிறைய ஆட்கள். காலையிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். சம்பந்தியம்மாவின் கிண்ணத்தை நிரப்பும்போது கை மரத்துவிட்டது, குழாயை மூட வரவில்லை. விளிம்பு வரை நிறைந்த கிண்ணம் அப்படியே அவர் முன்னால் போய் உட்கார்ந்தது. அந்த அம்மா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் ஆட்களிடம் திரும்பினார்.

"கிளம்பச் சொல்றாங்க. எந்திரிங்க, போவோம்."

இறைச்சித் தட்டு வருமுன்னே போய்விட்டார்கள்.

"பாதி ஊத்தினா 'இன்னும் இருங்க'ன்னு அர்த்தம். நிறைச்சு ஊத்தினா 'குடிச்சிட்டுப் போ'ன்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்! பேரன் விருந்துல என் மூக்கை அறுத்திட்டியேடி!"

மேல்சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கட்டு மஞ்சளாக ஊறியிருந்தது. பார்த்தாள் கிழவி. முகம் சுளித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"இதோடயா எல்லாருக்கும் ஊத்திக் கொடுத்தே?"

செப்டம்பர் 16
பையை எடுத்துவிட்டார்கள். உள்ளே சீழ். புற்றுக்கான ஊசி மருந்தும் தள்ளிப் போகிறது. சிவந்த அன்றே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 19
பக்கத்துக் கட்டில் கலீனாவுக்கு இரண்டு பக்கமும் எடுத்தாகிவிட்டது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள், வாய் அப்படி.

"உன்னைப் பாத்தாத்தான் பாவமா இருக்கு. நான் பலகை, இனி ஜம்முனு குப்புறப் படுப்பேன். நீ ஒரு பக்கமாச் சாய்ஞ்ச படகு."

சிரித்தேன். தையல் இழுத்தது. பிறகு அழுதேன். "அழு, அழு, இங்க மாமியார் யாரும் இல்ல" என்று தன் கருவாட்டில் பாதியைக் கொடுத்தாள்.

செப்டம்பர் 20
போலத் வந்தார். சன்னலைப் பார்த்தே பேசினார்.

"இங்கேருந்து நேரா உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. கொஞ்ச நாள்."

"எவ்வளவு நாள்?"

"அம்மா சொல்வாங்க."

"என் மக தொல்கனாய்?"

"அவ எங்க வீட்டுப் பொண்ணு. அவ எங்கயும் வர மாட்டா."

எங்க வீட்டுப் பொண்ணாம். அவளைப் பெற்றது யாராம்? அவளுக்குப் பால் கொடுத்ததும் அந்தப் பக்கம்தான், இப்போது வாளியில் போனதே, அந்தப் பக்கம். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 21
அண்ணனுக்குப் போன் செய்யவில்லை.

அக்டோபர் 2
வலக்கை தோள் வரை வீங்கிவிட்டது. நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு வருமாம், முழுதாகப் போகாதாம். கல்யாண மோதிரம் விரலில் புதைந்து, நர்ஸ் அதை வெட்டித்தான் எடுத்தாள். சேதி தெரிந்தால் கிழவிக்கு மோதிரத்தைக் கழற்றும் வேலை மிச்சம்.

இன்று குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். மூட்டையைத் தைப்பதுபோல் தைத்திருக்கிறார்கள். அசிங்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்ல? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பல் துலக்கினேன்.

அக்டோபர் 5
நாளை விடுகிறார்கள். கலீனா கேட்டாள்: "எந்த பஸ்?"

அக்டோபர் 6
எங்கள் ஊர் பஸ்தான்.

கதவைத் திறந்தது தொல்கனாய். பையை வாங்கிக்கொண்டு, வீங்கிய கையைப் பார்த்து, "தொட்டா வலிக்குமாம்மா?" என்றாள். உள்ளே எல்லாரும் தேநீர் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் இடத்தில், சமோவார் முன்னால், மாமியார். போலத் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

யாரும் வா என்று சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

மாமியார் கிண்ணம் எடுத்தார். பால், தேநீர், வெந்நீர். நிதானமாக, விளிம்பு வரை நிறைத்தார். சிந்தாமல் என் முன்னால் வைத்தார். தொல்கனாய்க்கும் புரிந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

குடித்தேன். நாக்கு வெந்தது. போதும் என்று கிண்ணத்தைச் சாய்த்து வைக்க வேண்டும். வைக்கவில்லை. நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம், அத்தை."

நீட்டிய கிண்ணத்தை வாங்காமல் இருக்க முடியுமா? மறுபடி நிறைத்தார். குடித்தேன். நீட்டினேன். மறுபடி. வயிறு பானையாகிவிட்டது. போலத் எழுந்து வெளியே போய்விட்டார். மகள் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கடைசிக் கிண்ணம் பாதிதான் வந்தது. சமோவாரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.