காக்கநாடு போன பஸ்

ஜூன் 9, திங்கள்
எர்ணாகுளம். பாலாரிவட்டத்தில் தங்கச்சி ஜெஸ்னாவின் வாடகை அறை. எட்டாம் மாதத்திலேயே பிரஷர் ஏறி, அவளைக் கலூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரவில் அவள் புருஷன் ரியாஸ் துணை, பகலில் நான். மலைமேல் சித்திரபுரம் எஸ்டேட்டில் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் நிமிரவே இல்லை. அவள் ரியாஸைக் கட்டிய நாளிலிருந்து அவள் பேரையே எடுப்பதில்லை.

ஜூன் 10
மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரியாது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ்தானே. பஸ் போர்டெல்லாம் மலையாளம். "கலூர் போகுமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடுகிறது. மூன்றை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினேன். நம்ம ஊர் டிரைவர் ஆள் ஓடி வருவதைப் பார்த்தால் நிறுத்துவார். இங்கே கம்பியைப் பிடிக்குமுன் இரட்டை மணி.

ஜூன் 12
இன்று ஒரே தடவையில் ஏறிவிட்டேன். உட்காரவும் இடம்!

ஜூன் 13
காலையில் ரியாஸ் போன். "ஏனுங்க அக்கா, ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வெரசா வாங்க." கொட்டுற மழை. வந்த பஸ்ஸில் பாய்ந்து ஏறிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கலூர் வந்ததா என்று கேட்டால், "அய்யோ மோளே, இது காக்கநாட்டேக்கா!" ரோட்டுக்குத் தப்பான பக்கம் நின்னு ஏறியிருக்கேன். எனக்கு எங்க போச்சு புத்தி? அழுதுட்டேன். அந்தம்மா கண்டக்டரை அதட்டி நிறுத்தவைத்து, கூடவே இறங்கி, எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

போய்ச் சேர்ந்தபோது ரியாஸ் வராந்தாவில் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தான்.

"பொண்ணு பொறந்திருக்குங்க அக்கா," என்றான். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

எடை கம்மி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 14
அப்பாவுக்குப் போன் போட்டேன். "பொம்பளப் பிள்ளப்பா." ஒரு "ம்". வைத்துவிட்டார்.

ஜூன் 16
"அப்பா கேட்டாராக்கா?" என்றாள் ஜெஸ்னா. கேட்டார் என்றேன். பொய். நம்பினாளா?

ஜூன் 19
மத்தியானம் போன். பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். "ஏட்டி, எர்ணாகுளம் ஸ்டாண்டுல எறங்கிட்டேன். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ல ஏறணும்?"

"அங்கயே நில்லுங்கப்பா, நான் வாறேன்."

"பிள்ளய விட்டுட்டு நீ எதுக்கு? பஸ்ஸ மட்டும் சொல்லு."

சொன்னேன். முழுக்க நனைந்து வந்து சேர்ந்தார். வார்டு வாசலில் ரியாஸைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "வாங்க மாமா" என்றான் அவன். அப்பா தண்ணீர் சொட்டிய குடையை மடக்கி அவன் கையில் கொடுத்தார்.

"பிள்ள எங்க?" என்றார்.