கோவளம் பஸ்ஸில் ஒரு மீன்கூடை

நேற்று எங்கள் லிஃப்டில் மீன் வாசனை அடித்தது. யாரோ வாங்கிக்கொண்டு மேலே போயிருக்க வேண்டும். பையிலிருந்து ஒழுகிய தண்ணீர் தரையில் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கானாங்கத்தை. என் மாடி வருவதற்குள் நீ வந்துவிட்டாய்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டியதெல்லாம் எனக்குள்ளேயே சேர்ந்து கிடக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மகனோடு நான் நாவலூருக்குக் குடிவந்த புதிதில் ஒருமுறை இங்கே வந்தாயே, நினைவிருக்கிறதா? பால்கனியில் நின்று சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நாம மீன் வித்த ஊரா இது?" என்று கேட்டாய். என் மருமகள் நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்துச் சிரித்தாள். நாம் இருவரும் அவளைத் திருத்தவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. நீ பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தாம்பரத்துக்கு வேலைக்கு வந்தாய். நான் உனக்கு ஒரு வருஷம் முன்னால் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள். கிழக்குத் தாம்பரத்தில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும் ஒரு அறையை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். உன் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். நீ கணக்கு டீச்சர். ஆனால் கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வாய். சர்ச்சில் பாட்டு ஆரம்பித்தால் உன் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் ராகம் தவறிவிடும். அதைப்பற்றி உனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

சபையின் சேவைக் குழுவில் நம் இருவரையும் சேர்த்துவிட்டவர் ஞானமுத்து சார். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு கோவளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்குப் போவோம். பால் பவுடர், பழைய துணி, சிரங்குக்குப் போடும் வெள்ளை மருந்து. குப்பம் என்றால் கீற்றுக் குடிசைகள், அவ்வளவுதான். புயல் மழை வந்தால் அதுவும் இருக்காது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். பிள்ளைகளின் தலைமுடி செம்பட்டையாக இருந்ததை வெயிலால் என்று நான் நினைத்திருந்தேன். நீதான், "ஏட்டி, அது பசி" என்றாய்.

ஒரு சனிக்கிழமை வெளிநாட்டிலிருந்து கம்பளிக் கோட்டுகள் வந்திருந்தன. ஒரு பெரியவருக்கு முழங்கால் வரை தொங்கும் ஓவர்கோட்டு கிடைத்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு சுடுமணலில் வெறுங்காலோடு நின்றார். வியர்வை ஊற்றியது. நாம் வருத்தப்படக் கூடாதே என்று வேன் கிளம்பும் வரை அவர் அதைக் கழற்றவில்லை. திரும்பும் வழியில் நீ சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. கேளம்பாக்கம் தாண்டியதும் விக்கலும் நின்றது, சிரிப்பும் நின்றது. 

அடுத்த முறை போனபோது நீ வேனிலிருந்து ஒரு மூட்டையைக்கூட இறக்கவில்லை. நேராக அஞ்சலையின் குடிசை நிழலில் போய் உட்கார்ந்தாய். அஞ்சலைக்கு நம் வயதுதான் இருக்கும். புருஷன் கடலோடு போனவன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாய்.

அவள் உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, கேட்டா குடுத்துடுவியா?"

"சொல்லுங்க, பாப்போம்."

"பஸ்ல ஏத்திக்கச் சொல்லு. அது போதும்."

அவள் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. காலையில் கோவளத்திலிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ் போனது. அதில் மீன்கூடையை ஏற்ற மாட்டார்கள். நாற்றம் என்று மற்றவர்கள் சண்டை போடுவார்களாம். தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ், பெரிய மார்க்கெட் எல்லாம் இருந்தும் இவர்களால் அங்கே போக முடியாது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கேளம்பாக்கம் வரை நடப்பார்கள். அங்கே விற்காவிட்டால் அப்படியே நாவலூர்ப் பக்கம். வெயில் ஏற ஏற மீன் கெட்டுக்கொண்டே வரும். கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பல நாள் காசுக்குப் பதிலாக ஒரு படி கேழ்வரகு வாங்கிக்கொண்டு, இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்புவார்கள்.

"அதுவரைக்கும் இது பக்கத்து வூட்ல கெடக்கும்," என்று குழந்தையைக் காட்டினாள். "பாலு கட்டிக்கினு நான் ரோட்ல நடந்துகினு இருப்பேன்."

அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் நீ இதைச் சொன்னாய். ஞானமுத்து சார் பொறுமையாகக் கேட்டார். "நாம சேவை செய்யப் போறவங்கம்மா. பஸ்காரங்களோட சண்டை போடறது நம்ம வேலை இல்லியே," என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

மே மாத விடுமுறையில் நீ ஊருக்குப் போகவில்லை. விடுமுறை முடியும் தறுவாயில், "ஏட்டி, ரெண்டு நாள் கோவளத்துல தங்கிட்டு வருவமா?" என்றாய். உனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை கரைக்குப் போய் அஞ்சலையின் கூடையை நீ தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாய். நேராக நிற்க முடியவில்லை உனக்கு. மீன் தண்ணீர் வழிந்து கழுத்து, ஜாக்கெட், புடவை எல்லாம் நனைந்தது. பஸ் வந்து நின்றது. தாம்பரத்தில் உன்னைப் பார்த்திருந்த கண்டக்டர் திகைத்துப்போனார்.

"டீச்சர், நீங்க ஏறுங்க. கூடை ஏறாது."

"கூடைக்கும் டிக்கெட் போடுங்க அண்ணாச்சி. நான் தாரேன்."

"மீனுக்கெல்லாம் டிக்கெட் கெடையாதுங்க. ஓனருக்குத் தெரிஞ்சா என் வேலை பூடும்."

நீ கூடையோடு படியில் ஏறி நின்றுகொண்டாய். உள்ளேயிருந்து ஒருவர், "ஆபீசுக்கு டைமாவுது, எறங்குமா," என்றார். இன்னொருவர், "படிச்ச பொம்பள பண்ற வேலையா இது, பேஜாரா கீது," என்றார். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார். நான் கீழே நின்றபடி உன் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், உன்னை இழுக்கவா தாங்கவா என்று தெரியாமல்.

கடைசியில் அஞ்சலைதான் முடித்துவைத்தாள். "வுடுக்கா. நீ நாயம் பேசிக்கினு இருந்தா மீனு போயிடும்," என்று கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பஸ் போய்விட்டது. நீ ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாய். பிறகு அவள் பின்னால் நடந்தாய். உன் பின்னால் நான்.

அந்த நடையைப் பற்றி நாம் பின்னாளில் அதிகம் பேசிக்கொண்டதில்லை. தார் உருகிக் காலில் ஒட்டியது. கேளம்பாக்கத்துக்கு முன்பே உன் செருப்பு அறுந்துவிட்டது. அன்றைக்கு அங்கே மீன் வரத்து அதிகம், யாரும் வாங்கவில்லை. நாவலூர் வரை போனோம். வயல்வெளி, நாலைந்து தெரு. "மீனு, மீனு" என்று அஞ்சலை கூவினாள். அவள் தொண்டை வறண்டபோது நீ கூவினாய். உன் குரலுக்கே ஜனங்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் மீனை அழுத்திப் பார்த்துவிட்டு, "தொளதொளன்னு இருக்குதே," என்று திருப்பிப் போட்டாள். சாயங்காலம் மடியில் கேழ்வரகோடு திரும்பினோம். குடிசை வாசலில் குழந்தை அழுது ஓய்ந்து விரல் சூப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய். பிறகு கொப்புளம் வெடித்திருந்த உன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றே தலைமையாசிரியை உன்னைக் கூப்பிட்டார். பஸ்ஸில் இருந்த யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். உனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. உன் சம்பளத்தை நம்பி ஊரில் அப்பாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். நீ வெளியே வரும்வரை எனக்கு வகுப்பில் பாடமே ஓடவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"வேலை வேணுமா, மீன்கூடை வேணுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டும் வேணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னாய். ஆனால் அறைக்கு வந்து உலை வைத்தவள் அரிசி போட மறந்துவிட்டாய். வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான்தான் அரிசி களைந்து போட்டேன்.

அந்த வாரமே ஞானமுத்து சார் நம் அறைக்கு வந்தார். உன்னைக் கண்டித்துப் போகத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் பார்வை உன் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டின் மேல் பட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"நாவலூருக்கு நடந்தேன் சார். அவங்க தினம் நடக்கதுதான்."

அவர் கொண்டுவந்த பேச்சை எடுக்கவே இல்லை. காபி ஆறிப்போனது. எழுந்திருக்கும்போது, "அந்த பஸ் ஓனர் வீடு மேற்குத் தாம்பரத்துலதான் இருக்கு. கால் சரியானதும் சொல்லு, போவோம்," என்றார்.

ஓனரும் பொல்லாதவராக இல்லை. "எனக்கு இன்னா கோவம் அவங்க மேல? தண்ணி ஒழுகுதும்மா. சீட்டெல்லாம் நாறிப்போவுது. ஒழுகாத பாத்திரமா இருந்தா கடைசி சீட்டாண்ட வெச்சிக்கட்டும்," என்றார். அவ்வளவுதான் விஷயம். அந்த வருஷம் நம் குழு பால் பவுடரைக் குறைத்துக்கொண்டு மூடி போட்ட அலுமினியப் பாத்திரங்கள் வாங்கியது.

முதல் நாள் அந்த பஸ்ஸில் நாமும் இருந்தோம். அஞ்சலையும் இன்னும் மூன்று பெண்களும் கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஏறியவர்கள் எல்லாரும் முன்பக்கமே நெருக்கியடித்து நின்றார்கள். பின்னால் இடம் காலியாகக் கிடந்தது. கேளம்பாக்கத்தில் ஞானமுத்து சார் ஏறினார். வருவதாக நம்மிடம் சொல்லவில்லை. அதே வெள்ளைக் கோட்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பின்னால் வந்து, அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன மீன்மா?"

"சங்கரா கீது, கானாங்கத்தை கீது சார்."

"எங்க, காட்டு."

அவள் மூடியைத் திறந்தாள். அவர் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். நடுவில் நின்ற ஒருவர் கழுத்தை நீட்டினார். "சங்கராவா? எப்டி குடுக்கற?" என்றார். வண்டலூர் வருவதற்குள் பாத்திரத்தைச் சுற்றிக் கூட்டம். கண்டக்டரே தன் வீட்டுக்கு ஒரு கூறு எடுத்து வைக்கச் சொன்னார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். அருகில் வந்து பார்த்தபோது சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தது.

உன் வேலையும் போகவில்லை. அடுத்த மாதமே தலைமையாசிரியை வீட்டு ஆயா மார்க்கெட்டில் அஞ்சலையிடம் வாடிக்கை பிடித்துவிட்டாள். அஞ்சலை மத்தியானமே வீட்டுக்குத் திரும்பினாள். எழுபதுகளில் அந்தப் பெண் குழந்தை சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை நாம் இருவரும் பார்த்தோம். குப்பத்தின் வறுமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிணறு உப்பாகவே இருந்தது. புயல் வந்தால் கூரை பறந்தது. ஆனால் அந்த வீட்டில் சாயங்காலம் அடுப்பு எரிந்தது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, வேறு ஊர்களுக்குப் போனேன். நீ கல்யாணம் செய்துகொள்ளாமல் தாம்பரத்திலேயே இருந்துவிட்டாய். கடிதம், பிறகு போன், எப்போதாவது ஒரு சந்திப்பு. உன் வாழ்க்கையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அடக்கத்தன்று அஞ்சலை வந்திருந்தாள். முதுகு நன்றாகக் கூனிவிட்டது. மகள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரம் அவளோடு உட்கார்ந்தேன். உன்னைக் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று கேட்டேன்.

"போன மாசம் வந்துச்சே. மாசாமாசம் வரும்."

எனக்குப் புரியவில்லை. குழுவெல்லாம் கலைந்து எத்தனையோ வருஷம் ஆயிற்றே. "இன்னும் ஏதாவது கொண்டுவந்து குடுப்பாளா?" என்று கேட்டேன்.

அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "அது ஒண்ணும் குடுக்க வராதுக்கா. சாப்ட வரும். பஸ்ஸ வுட்டு எறங்கும்போதே, பசிக்குது, இன்னா கொழம்புன்னு கேட்டுக்கினு வரும். துன்னுட்டு, செத்த நேரம் படுத்துத் தூங்கிட்டுப் பூடும்."

நீ இதை என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லும்படியான ஒரு விஷயமாக அது உனக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. அக்கா தங்கை வீட்டுக்குப் போய் வருவதை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

போன வாரம் நான் கோவளம் போனேன். நாவலூரிலிருந்து பஸ். வழியில் பழம் வாங்கலாமா, ஒரு புடவை எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு மூன்று முறை யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டு வெறுங்கையோடுதான் போனேன். அஞ்சலை கதவைத் திறந்தாள். வாசலில் நிற்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வயதில் இன்னொருவர் வீட்டில் போய் இதைச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"பசிக்குது அஞ்சலை. என்ன குழம்பு?"

அவள் உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள்.