காப்பு கட்டிய பிறகு

ஏப்ரல் 13, ஞாயிறு
எங்கள் கொல்லை நிலத்துக்கு மேலே இருக்கும் பாறைதான் என் காலேஜ். அங்கே மட்டும்தான் டவர் கிடைக்கிறது. போனில் ஓடும் வீடியோவில் ஒரு சார் வெப்சைட் செய்ய ஒரு வரி எழுதுவார். நிறுத்திவிட்டு, ஸ்கூலில் கொடுத்த பழைய லேப்டாப்பில் அதே வரியை நானும் அடிப்பேன். இன்று ஒரு ஹோட்டல் வெப்சைட் முடிந்தது. கொஞ்சம் திமிராகக்கூட இருக்கிறது. அண்ணன் ராஜதுரை, "பேசாம அந்தப் பாறையவே கட்டிக்க கவியா" என்கிறான். பொறாமை!

ஏப்ரல் 21, திங்கள்
கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. வியாழன் மதியம் டெஸ்ட். தேறினால் வேலை. முடிய இருட்டிவிடுமாம், மலைக்குக் கடைசி பஸ் போய்விடும். அங்கே ஹாஸ்டலில் இருக்கும் என் தோழி நிர்மலா தன்னோடு தங்கச் சொன்னாள். நாளைக் காலையிலேயே இறங்கலாம் என்றால், துணி காயட்டும் என்கிறாள் அம்மா. சரி, புதன்கிழமை போகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்
சாயந்திரம் மேளம். மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் என்றல்லவா சொன்னார்கள்? காப்பு கட்டும்போது ஊரில் இருந்தவர்கள் தேர் முடியும்வரை வெளியே இராத் தங்கக் கூடாது. காலையில் போயிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு ஈரச் சுடிதாருக்காக—
அப்பா சொன்னது: "நீ ராத் தங்கினா என்னைத் தேர்ல தோள் குடுக்க வுடமாட்டாங்க." தேரைத் தோளில் தூக்கும் முன்தண்டு எங்கள் வீட்டுக்கு உரியது. அப்பாவுக்கு முன் தாத்தா தூக்கினார்.

ஏப்ரல் 23, புதன்
போகிறேன். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி
போச்சு.
நேற்று டெஸ்டில் வெறும் திரையைக் காட்டி, "ஒரு கடைக்கு வெப்சைட் பக்கம் செய்ங்கம்மா. வீடியோ பாக்கக் கூடாது" என்றார் கம்பெனி அம்மா. கை நகரவில்லை. சாரின் குரல் காதில் இருக்கிறது, முதல் வரி வரவில்லை. இத்தனை மாசமா இன்னாதான் கத்துக்கினேன்? பாத்து பாத்து அடிச்சிக்கினு இருந்தேன், அவ்ளோதான்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதற்கு வீட்டின் மானத்தையும் கொடுத்தேன்.
இரவு நிர்மலாவின் அறைக்கே திரும்பினேன். அவள் வாங்கி வைத்திருந்த பரோட்டாவைத் தொடவில்லை.

ஏப்ரல் 26, சனி
அண்ணன் போனில் பேசினான். "தேர் முடியற வரைக்கும் மேல வராத. ஊரே பேசிக்கினு கீது. வேலை இன்னா ஆச்சி?"
"கெடைக்கலண்ணா."
திட்டியிருந்தால் தேவலை. போனை வைத்துவிட்டான்.

ஏப்ரல் 30, புதன்
தேர்.
"அப்பா தோள்ல துண்டு போட்டுக்கினு போனாரு. முன்தண்டுல வேற வூட்டு பிச்சைமுத்த நிறுத்திட்டாங்க. திரும்பி வந்து வூட்ல குந்திக்கினாரு. சோறு வாணாம்னுட்டாரு" என்றான் அண்ணன்.
அழுதேன்.

மே 5, திங்கள்
கள்ளக்குறிச்சியிலேயே ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். தேர்தான் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் யாரும் வா என்று சொல்லவில்லை?

மே 18, ஞாயிறு
கடை லீவு. லேப்டாப்பைத் திறந்தேன். வீடியோ இல்லை. டெஸ்டில் கேட்ட அதே கடைப் பக்கம். மூன்று முறை கோணலாக வந்தது. எங்கே தப்பு என்று நானே தேடித் திருத்தினேன். மதியத்துக்குள் பக்கம் ஒழுங்காக வந்து நின்றது. மேலே கரியன் ஸ்டோர்ஸ் என்று அப்பா பெயரைப் போட்டேன்.
உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். பாறையில் இருந்தான். கீழே கொல்லையில் அப்பா ஏர் ஓட்டுவது போனிலேயே கேட்டது.
"அப்பாகிட்ட குடுண்ணா."
"யப்பா, கவியா பேசுது!"
அண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டான். மாட்டை அதட்டும் சத்தம் நிற்கவில்லை.