ரஷ்யாவுக்குப் போன வாழையிலை

ஜூலை 28, திங்கள்

கடவுளே, என் வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், நாற்பதாயிரம்!!!

ஒஸ்லோவில் மழை. ஹவுகெட்டோவில் ரயில் பிந்தியது. அதனால் என்ன, மேடையில் நின்றபடியே எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சேனலை முந்நூறு பேர் பார்த்தாலே பெரிய காரியம். அதில் பாதி அம்மாவின் சொந்தக்காரர்.

வட எல்லைக் கதைகள்தான் போடுகிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத் தேடிப் படித்தது. ரஷ்யப் படகுகள் மாவு கொண்டுவந்து மீன் வாங்கிப்போன கதை போட்டேன். இரண்டு பக்கமும் பாஷையைக் கலந்து விலை பேசினார்களாம், எங்கள் வீட்டில் கதைப்பதுபோல. வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்கள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ராஜாக்களுக்கு வரி கட்டிய கதையும் போட்டேன். ஒன்றும் ஓடவில்லை.

ஓடியது நேசன் அத்தானின் வாழையிலை.

போன வியாழன் ஆடி அமாவாசை. நான் கரைச்சல் கொடுத்துத்தான் அக்காவும் அத்தானும் என்னை வடக்கே கூட்டிப்போனார்கள். கிரென்சே யாக்கொப்செல்வ்! சின்ன ஆறு. இந்தக் கரை நோர்வே, அந்தக் கரை ரஷ்யா. முடிவில் கடல். பக்கத்தில் நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த கல் தேவாலயம். அந்நியப் படகுகள் வந்து மீன் பிடித்த காலத்தில், போர்க்கப்பல் அனுப்பாமல் ராஜா தேவாலயம் கட்டினாராம். கோயில் இருக்கிறது, ஆகவே நிலம் எங்களது. என்ன மூளை! வாசலில் நின்று ஐந்து தடவை பேசிப் பதிவு செய்தேன். காற்று ஐந்தையும் கெடுத்தது.

அத்தான் ஆற்றுமுகத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"அபி, ஆறும் கடலும் சேருற இடம். அப்பாவுக்குக் கடமை செய்ய ஊரில கீரிமலைக் கடலுக்குப் போகேலாதவனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?"

ஸ்ட்ரோம்மன் தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலையைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். போன் ரஷ்ய சிக்னலைப் பிடித்து ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் பாய, திதி முடிந்துவிட்டதோ என்று பதறினார். பிறகு எள்ளும் தண்ணீரும் இறைத்து, சோறும் பூவும் வைத்த இலையைக் கரையோரம் மெல்ல விட்டார். இலை ஒரு சுற்றுச் சுற்றியது. அப்படியே அந்தக் கரைக்குப் போனது. நான் கையடக்கத்தில் எல்லாம் எடுத்தேன்.

தலைப்பு: ரஷ்யாவுக்கு அனுப்பினோம்!!!

ஜூலை 29, செவ்வாய்

மழை விட்டது.

கீழே ஒரு கருத்து, நோர்வேஜிய மொழியில், வடக்கில் இருக்கும் ஒருவர்: "எல்லைக்கு மேலால் பொருள் எறிவது சட்டப்படி குற்றம், தெரியுமா?"

தேடினேன். உண்மை. வேண்டுமென்றே எறியக்கூடாது. அந்தக் கரையில் நிற்பவரோடு கதைக்கவும் கூடாது. ஆற்றங்கரையில் பலகையே வைத்திருக்கிறார்கள். பலகை என் வீடியோவிலேயே இருக்கிறது, அக்காவின் ஜாக்கெட்டுக்குப் பின்னால், பாதி.

எல்லைத் தகராறுகளைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவள் பலகையை வாசிக்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அத்தான்ர பிரஜாவுரிமை விண்ணப்பம் உள்ளுக்கு இருக்குது, விசரி! ஒரு சின்னத் தண்டம் எழுதினாலும் வருஷக்கணக்கில இழுபடும். உனக்கு விளையாட்டு. எங்களுக்குச் சீவியம்."

அத்தான் தனியாக அகதியாக வந்தவர். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர எங்கேயும் போகலாம். போன வருடம் தகப்பனின் செத்தவீட்டை போனில்தான் பார்த்தார். பாஸ்போட் கிடைத்த அடுத்த கிழமையே தாயைப் பார்க்கப் போவதாக இருக்கிறார். தாய் தனிய.

இப்போது எண்ணிக்கை ஐம்பத்தோராயிரம். ஏறாதே, ஏறாதே.

ஜூலை 30, புதன்

- வீடியோவை அழிப்பதா?
- அழித்தால் மறைத்த மாதிரி இருக்குமா?
- பால், பாண், அம்மாவின் கண் சொட்டு மருந்து

சாப்பாட்டு மேசையில் மாநாடு. அத்தான் பஸ் ஓட்டிவிட்டு வந்த யூனிபோர்மோடே இருந்தார்.

அம்மா: "நான் அப்பவே சொன்னனான், கோயிலுக்குப் போங்கோ எண்டு. ஐயரும் இருப்பார், மோதகமும் கிடைச்சிருக்கும்."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். "ரஷ்யாக்காரனுக்கு ஒரு பிடி சோறு குடுத்ததுக்கு வழக்கோ?"

"பகிடி விடாதேங்கோ," அக்கா.

"இலையை விட்டது நான். பிள்ளையைப் பேசாத. எல்லை அலுவலகத்தார் எங்களைத் தேடி வாறதுக்கு முதல் நாங்களே போன் அடிச்சுச் சொல்லுவம்."

"ஆர் கதைக்கிறது?" அக்கா கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கதைச்சா நடுங்குவன், மச்சாள்," என்றார் அத்தான். "உனக்கு எல்லைக் கதை எண்டால் வாய் நிக்காதுதானே."

வாய் நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வெயில். வேலையில் பொய்க் காய்ச்சல் சொன்னேன். (உண்மையிலும் கை சுட்டது.)

எல்லை அலுவலகத்துக்கு அடித்தோம். ஸ்பீக்கரில். அத்தான் பக்கத்தில், தன் விரல்களைப் பார்த்தபடி. எடுத்தவர் வடக்குப் பேச்சு, அமைதியான குரல். வீடியோ இணைப்பைக் கேட்டார், அனுப்பினேன். அவர் பார்க்கும் சத்தம் கேட்டது. என் குரல், காற்று, அத்தானின் மந்திரம். மூன்றும் அந்த அறைக்குள்.

"இலையில் என்ன இருந்தது?"

"சோறு, எள்ளு, பூ. இறந்த தகப்பனுக்கு. வருடத்தில் ஒருநாள்."

"பிளாஸ்டிக்?"

"இல்லை."

"எறிந்தாரா, வைத்தாரா?"

"வைத்தார். எங்கள் கரையில். நீங்களே பார்த்தீர்கள்."

"பார்த்தேன். மேலே ஏதோ எழுதியிருக்கிறது. என்ன அது?"

அவருக்குத் தமிழ் தெரியாது. 'அப்பாவுக்கு ஒரு பிரார்த்தனை' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மேசைக்குக் கீழே அக்காவின் கால் என் காலை உதைத்தது.

"'ரஷ்யாவுக்கு அனுப்பினோம்.' மூன்று ஆச்சரியக்குறி."

"அனுப்பத் திட்டமிட்டீர்களா?"

"இல்லை. தண்ணீர்தான் கொண்டுபோனது. தலைப்பு நான் போட்டது. ஆட்கள் பார்க்கவேண்டும் என்று."

"அவருக்குத் தெரியுமா?"

"வெளியான பிறகுதான் தெரியும்."

எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

அக்கா: "மாத்திச் சொல்லியிருந்தா உன்ர வாய் தேஞ்சிடுமோ?"

அத்தான்: "மாத்திச் சொன்னா, நாளைக்கு ஆரோ ஒரு தமிழ்ப் பொடியன் இருந்து மொழிபெயர்ப்பான். பிறகு இலையும் பொய்யாப் போயிடும்."

எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். எனக்கும் ஒன்று. சீனி போட மறந்துவிட்டார், நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒன்றும் வரவில்லை. ஞாயிறு என்றால் எப்படி வரும், லூசு.

பழைய புத்தகம் ஒன்றைத் திறந்தேன், ஆறுதலுக்கு. அதே எல்லையில் ஓடும் பஸ்விக் ஆற்றின் மேற்கே, நோர்வேப் பக்கக் கரையில், ரஷ்யத் துறவிகளின் சிறு கோயில் இருந்ததால் எல்லைக்கோடு அதைச் சுற்றி வளைந்து போயிருக்கிறது. கோயிலுக்காகக் கோடு வளையும். வாழையிலைக்காக? மூடிவிட்டேன்.

அத்தான் ரகசியம்போலக் கேட்டார்: "அழிக்கிறதுக்கு முதல், இலை போற துண்டை மட்டும் வெட்டி அனுப்புறியே? தலைப்பு இல்லாமல். என்ர அம்மா ஊரில ஒவ்வொரு நாளும் பாக்கிறா. இலை அக்கரையில முட்டேக்க அப்பா போய்ச் சேந்திட்டார் எண்டு சொல்லுறா."

வெட்டினேன். அவர் கை, இலை, தண்ணீர். என் சத்தம் இல்லாமல் எவ்வளவு நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்துவிட்டது!

அத்தானின் போனுக்கு. அவர் நோர்வேஜிய மொழியில் சத்தமாக வாசித்தார், பஸ்ஸில் அறிவிப்புச் சொல்வதுபோல. தன் கரையில் வைத்திருக்கிறார், ஆறு கொண்டுபோயிருக்கிறது, நோக்கம் இல்லை. அவர்மேல் வழக்கு இல்லை, தண்டம் இல்லை. கடைசியில் எனக்கு ஒரு பந்தி. எச்சரிக்கை. வீடியோவை எடுக்கவேண்டும், எல்லையில் இனிமேல் இப்படி விளையாடக்கூடாது. இனிச் சடங்கு செய்வதென்றால் எல்லை இல்லாத கரையாகப் பார்க்கட்டாம்.

அக்கா சமையலறைக்குப் போய், என் சப்பாத்து வழியில் கிடக்கிறது என்று கத்தினாள். அழுதுகொண்டே. அத்தான் தொப்பியை மறந்துவிட்டு வேலைக்கு ஓடினார்.

விண்ணப்பம் இன்னும் உள்ளேதான். ஆனால் என்னால் கெடவில்லை. எச்சரிக்கை என் பெயரில். சரி. அது என் தலைப்பு.

வீடியோ அழித்தாயிற்று. எழுபதாயிரம் சொச்சம், ஒரு சொடுக்கு. கொஞ்சம் நெஞ்சு வலித்தது, பொய் சொல்லமாட்டேன்.

இப்போது போட்டது, முதல்முறையாக ஆச்சரியக்குறி இல்லாமல்:

வாழையிலை வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பிரதி வைத்திருந்தால் அழியுங்கள். லைக் வேண்டாம். ஒரு உதவி மட்டும். வடக்கில் யாராவது இருந்தால் எழுதுங்கள்: ஆறும் கடலும் சேரும் இடம், இரண்டு கரையும் ஒரே நாடாக, எங்கே இருக்கிறது? அடுத்த ஆடி அமாவாசைக்கு வேண்டும்.