அக்டோபர் ஃபோல்டர்

செப்டம்பர் 9, செவ்வாய்
அடுத்த மாதம் 22-ஆம் தேதி இவருக்குக் குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். அதற்குள் ரூக்சாருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட வேண்டுமாம். நாலு வருஷமாக மகளோடு பேச்சில்லை, இப்போதுதான் ஞானோதயம்! இவர் சொல்ல, நான் வேர்டில் அடிக்கிறேன். தாம்பரத்தில் பதினெட்டு வருஷம் தீசிஸ் டைப் செய்த கை. போனில் பதிவு செய்யலாம் என்றால் கேட்கவில்லை. தன் கரகரப்பு தனக்கே பிடிக்கவில்லையாம்.

இன்று முழுக்கத் திட்டுதான். யாரைக் கேட்டு நிக்காஹ் செய்தாள், கேளம்பாக்கத்தில் இருந்துகொண்டு எட்டிப் பார்த்தாளா... அடித்தேன்.

செப்டம்பர் 13
ஒரு பட்டனை அழுத்தினால் அன்றன்று அடித்ததை அந்த மாதத்து ஃபோல்டரில் சேமித்து, மூடிவிடும்படி மேக்ரோ எழுதியிருந்தேன். இன்று ஏதோ சிக்கி, டிங் என்று எரர் பெட்டி வந்தது. “நான் சொன்னது தப்பா?” என்றவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

எரர் வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று ஒரு வரி சேர்த்தேன். கடைசியில் ‘சேமித்தாயிற்று’ என்று வரும். அதைப் பார்த்தால் இவருக்குத் திருப்தி.

அக்டோபர் 1
காலையிலிருந்து ஸ்கேன். திரும்பி வந்து நாலு வரி அடித்தோம். அசதி.

அக்டோபர் 11
இன்று அழுதார். செம்பாக்கம் ஏரிக்கரையில் ரூக்சார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது, தூக்கிவிடாமல் அடித்தாராம். எனக்குத் தெரியாது. “வலிச்சிருக்கும்ல? அத்தா மாப்பு கேக்குறேன்னு போடு.”

இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷர் மாப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. போகட்டும்.

அக்டோபர் 21
போதும் என்றார். சேமித்தாயிற்று.

அக்டோபர் 27
ரூக்சாருக்கு அனுப்பலாம் என்று திறந்தேன். செப்டம்பர் இருக்கிறது. அக்டோபர் இல்லை.

எல்லா இடத்திலும் தேடிவிட்டேன். மாதம் பிறந்தால் ஃபோல்டரை நான்தான் உண்டாக்க வேண்டும். ஒன்றாம் தேதி ஸ்கேனில் மறந்துவிட்டேன். இல்லாத ஃபோல்டரில் சேமிக்கப் போய், எரர் வந்து, அதன் வாயை நானே அடைத்து, சேமிக்காமலே மூடி — இருபத்தொரு நாளும். ஃபோல்டர் இருக்கிறதா பார் என்று ஒரே ஒரு வரி. ஊரார் தீசிஸுக்கெல்லாம் போட்டேனே. இதுக்கு ஏன்டி போடல?

மிஞ்சியது திட்டு மட்டும்.

அக்டோபர் 28
ரூக்சாரைப் போனில் பிடித்தேன். அத்தா உன்னிடம் மாப்பு கேட்டார், சைக்கிளை நினைத்து அழுதார் என்றேன்.

“அத்தா சொல்லாததயும் நீங்கதாம்மா எப்பவும் சேத்துச் சொல்வீங்க.”

உண்மைதான். அவள் கூடவே இருந்த காலத்திலும் அதைத்தான் செய்தேன்.

நவம்பர் 3
ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நோட்டை வாங்கி அரைப் பக்கம் எழுதினார், கிழித்தார். மறுபடி எழுதினார், அதையும் கிழித்தார். பேசும்போது வந்தது பேனாவில் வரவில்லை போலிருக்கிறது.

கடைசியாக ஒரு வரி எழுதிக் காட்டினார்: ‘செப்டம்பரையும் அழிச்சிடு.’

நவம்பர் 4
அழித்தேன்.

பிறகு மேக்ரோவில் அந்த ஒரு வரியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். டிங். ‘ஃபோல்டர் இல்லை.’ படுத்திருந்தவர் சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நீங்கள் சொன்னதில் தப்பில்லை என்றேன்.